சுவரைக் கழுவிய குற்றம்

ஓய்வு பெற்ற மறுமாதமே ஏட்டையா கைதானார். அதுவும் சொந்த வீட்டுச் சுவரைக் கழுவியதற்காக.

இதைக் கிறுக்கனிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். ஒரு துண்டு அடுப்புக்கரியும் வெள்ளைச் சுவரும் கிடைத்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். வங்கிச் சுவரில் கொட்டாவி விடும் காசாளர், மீன் சந்தைச் சுவரில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் மேயர் என்று ஊரையே கரியில் இழுத்து வைத்திருந்தான். கிறுக்குவதால் கிறுக்கன், புத்தியும் அப்படித்தான் என்று நினைத்தவர்களுக்கும் அந்தப் பெயர் வசதியாக இருந்தது. பொதுச் சொத்துக்குச் சேதம் என்று வழக்குப் போட்டு ஏட்டையா அவனை எத்தனையோ முறை உள்ளே தள்ளியிருக்கிறார். ஆனால் கை நீட்டியதில்லை. வாளியையும் பிரஷ்ஷையும் கொடுத்து, "போட்டவனே கழுவு" என்பார். பிறகு லாக்கப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காவல் காத்தபடியே தூங்கிப்போவார்.

அப்புறம் காற்று திசை மாறியது. வெளிநாட்டிலிருந்து வந்த ஓவிய நிபுணர் ஒருவர் மீன் சந்தைச் சுவர் முன்னால் நின்று கண்கலங்கினாராம். உடனே மாநகராட்சி கூடியது. கிறுக்கனின் கைபட்ட படமெல்லாம் நகரத்தின் சொத்து, அழிப்பது குற்றம் என்று தீர்மானம் போட்டது. பத்திரிகைகள் அவனைக் 'கிறுக்கர்' என்று மரியாதையாக எழுதின.

ஒரு நாள் காலையில் மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வந்து பாருங்க. அச்சு அசல் நீங்கதான்."

தெருவைப் பார்த்த வீட்டுச் சுவர் முழுக்க ஏட்டையா. நாற்காலியில் சரிந்து, வாய் பிளந்து, தொப்பி மடியில் விழுந்து கிடக்க, தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் பேருந்தை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய் வாளியோடு வந்தார். கழுவி முடிப்பதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ செல்போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் இன்ஸ்பெக்டரே வந்தார். ஒரு காலத்தில் ஏட்டையாவிடம் வேலை கற்றவர். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கினார்.

"அண்ணே, ஸ்டேஷன் வரைக்கும் கொஞ்சம் வரணும்."

"எந்தப் பிரிவுய்யா?"

"பொதுச் சொத்துக்குச் சேதம். நீங்க அவர்மேல போடுவீங்களே, அதேதான்."

"சுவர் என்னுதுய்யா."

"சுவர் உங்களுதுதாண்ணே. மேல இருந்த கரி மாநகராட்சியோடது."

உள்ளிருந்து மனைவி சொன்னாள், "நான் அப்பவே சொன்னேன், நல்லாத்தான் இருக்கு, விடுங்கன்னு." அதுதான் ஏட்டையாவுக்குக் கைதைவிட அதிகமாகச் சுட்டது.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, படத்தின் மதிப்பைச் சொல்லக் கிறுக்கனையே சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். புதுச்சட்டை அவன் உடம்பில் ஒட்டாமல் நின்றது. குற்றவாளிக் கூண்டில் நின்ற ஏட்டையா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிய அடியையெல்லாம் வட்டியோடு திருப்பத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தார். தான் அவனை ஒருபோதும் அடித்ததில்லை என்பது அப்போது அவருக்கே மறந்துபோயிருந்தது.

உண்மையே சொல்வதாக அவன் சத்தியம் செய்தபின், நீதிபதி செல்போன் படத்தைக் காட்டிக் கேட்டார். "இது நீங்க வரைஞ்சதுதானே?"

கிறுக்கன் குனிந்து நிதானமாகப் பார்த்தான். "இல்லீங்கய்யா. யாரோ கத்துக்குட்டி போட்டது. காதப் பாருங்க, வடை மாதிரி இருக்கு. நான் இப்படியா போடுவேன்?"

நீதிமன்றம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எல்லாம் தானாகவே ஒழுங்குக்கு வந்தது. கிறுக்கர் வரையாததால் அது ஓவியமில்லை. ஓவியமில்லாததால் வெறும் கிறுக்கல். ஏட்டையா விடுவிக்கப்பட்டதோடு, நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகப் பாராட்டும் பெற்றார். கிறுக்கியவன் யாராக இருந்தாலும் கண்டுபிடித்து அதே பிரிவில் வழக்குப் போடும்படி இன்ஸ்பெக்டருக்கு உத்தரவானது.

வெளியே படிக்கட்டில் ஏட்டையா அவனை மடக்கினார். "சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னியே. அதுக்கு எத்தனை வருஷம் தெரியுமா?"

"பிடிச்சுட்டுப் போங்க."

"எதுக்குடா சொன்ன?"

"எனக்குக் காவல் இருந்தவங்க எல்லாம் முழிச்சுட்டு இருந்து அடிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் தூங்குனீங்க. அந்த மூஞ்சியச் சுவத்துல வைக்கணும்னு தோணுச்சு. உங்களுக்குப் பிடிக்கலன்னா போகட்டும்."

ஏட்டையா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் மறுபடி வீட்டுக்கு வந்தார். "அண்ணே, உங்கள விட்டா யாருக்குத் தெரியும்? அந்தக் கோட்டப் பாத்தா யாரு கைன்னு தோணுது?"

ஏட்டையா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போன் படத்தை வெகுநேரம் பார்த்தார். சர்வீஸில் எழுதிய எந்த அறிக்கையிலும் ஒரு வரி பொய் இல்லை என்று பெயர் வாங்கியவர்.

"சுத்தமாத் தெரியலய்யா" என்றார்.