துளையை விடப் பெரிய மீன்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை என்று செசீலியா முடிவெடுத்திருந்தாள். இன்டர்லாக்கன் ஹோட்டலில் அவளோடு துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்த ரூத் தான் இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவள். உறைந்துபோன மலை ஏரியில் துளை போட்டு, முழங்கை நீளத் தூண்டிலோடு குந்தியிருக்க வேண்டும். மன்னாரில் செசீலியாவின் வீட்டு ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். பெண்களைத் தோணியில் ஏற்றுவதில்லை. மீனை வெட்டவும் காயவைக்கவும் தெரிந்த அவளுக்குப் பிடிக்க மட்டும் வாய்க்கவில்லை.

கணவன் ஸ்ரான்லி கூடவே வருவான். ஆனால் கரையோடு நின்றுவிடுவான். சுவிஸுக்கு வரும் வழியில் உறைந்த ஆறொன்றைக் கடந்தபோது, அவனுக்கு முன்னால் நடந்தவர் பனிக்கட்டி உடைந்து இடுப்பளவு தண்ணீருக்குள் போனார். இழுத்தெடுத்துவிட்டார்கள். என்றாலும் அந்த முறியும் சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை.

"லொறி ஏறினாலும் தாங்குமாம். ரூத் சொல்லுறாள்."

"அவள் சொல்லுவாள். நீர் கவனமாப் போம்."

மதியம் வரைக்கும் ஒன்றும் கடிக்கவில்லை. ரூத் கோப்பி குடிக்கக் கரைக்குப் போனாள். கால்விரல்கள் மரத்துப்போயும் செசீலியா எழும்பவில்லை. சட்டென்று தூண்டில் வளைந்தது. தூண்டில் நரம்பைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, மீனைத் துளையடிக்குக் கொண்டுவந்தாள். புள்ளி போட்ட பெரிய ஃபொரெல்லே மீன். அது குறுக்காகத் திரும்பிக்கொண்டு துளைக்குள் ஏற மறுத்தது. இன்னும் இழுத்தால் நரம்பு அறுந்துவிடும்.

அவள் ஜக்கெற்றைக் கழற்றி எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். குளிர் எலும்பைக் கடித்தது.

கரையில் நின்ற ஸ்ரான்லிக்கு அவள் விழுந்து கிடப்பது மட்டுந்தான் தெரிந்தது. அவன் யோசிக்கவில்லை. நாலு காலில் தவழ்ந்து வந்துசேர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"செசீலி, என்ன நடந்தது?"

"மீன். காலைப் பிடியுங்கோ, வழுக்குது."

"விடும் அதை. கை விறைச்சுப் போகும்."

"விடமாட்டன். பிடியுங்கோ எண்டுறன்."

அவன் அவளுடைய சப்பாத்துகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்தான். அவளுடைய விரல்களில் உணர்ச்சி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். மீனின் தாடை தட்டுப்பட்டது. செவுளுக்குள் விரலைக் கொழுவி, தலையை மேல்நோக்கித் திருப்பி, ஒரே இழுவையில் பனிமேல் எறிந்தாள். மீன் துள்ளி ஸ்ரான்லியின் மடியில் விழுந்தது. அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஓடிவந்த ரூத் மரக்கட்டையால் மீனின் தலையில் ஒன்று போட்டாள். பிறகு செசீலியாவின் கையைத் துவாயால் சுற்றித் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க நோ கூடியது. செசீலியா சிரித்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல மீன்தான்," என்றான் ஸ்ரான்லி.

திரும்பும்போதும் அவன் எழுந்து நடக்கவில்லை, தவழ்ந்தே போனான். செசீலியா மீன் பையைத் தூக்கிக்கொண்டு, அவனை முந்தாமல், பக்கத்திலேயே மெல்ல நடந்தாள்.