அடுத்த வருஷத்து வாரம்

பால் இன்னும் அரை பாட்டில் மிச்சம் இருந்தது. இருந்தும் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நோரீன் காரை விட்டு இறங்கினாள். கிளைவ் கண்ணை மூடியபடியே தலையை மட்டும் அசைத்தார். மடியில் இருந்த சிப்ஸ் பொட்டலத்தில் நாலைந்துதான் குறைந்திருந்தன. முன்பெல்லாம் தன் பங்கை முடித்துவிட்டு அவள் பங்குக்கும் கை நீட்டுகிற மனுஷர்.

மழை காலையிலிருந்து விடவில்லை. மழை என்று வாடகைக்கு எடுத்த கேரவன் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பது பார்மத் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வழக்கமில்லை. காரைக் கடல் பார்த்து நிறுத்திவிட்டு, பிளாஸ்க்கில் டீயும் கையில் வினிகர் தெளித்த சிப்ஸுமாக உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கும் வரிசையாகப் பதினைந்து கார்கள் நின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு தலைகள். வெளியூர்க்காரன் பார்த்தால் இதற்குப் பெயரா விடுமுறை என்று சிரிப்பான். சிரிக்கட்டும். முப்பத்தொரு வருஷமாக நோரீனும் கிளைவும் ஆகஸ்ட் முதல் வாரத்தை இப்படித்தான் கழித்திருக்கிறார்கள். வில்லன்ஹாலில் கிளைவ் வேலை பார்த்த பூட்டுத் தொழிற்சாலைக்கு அந்த வாரத்தில்தான் வருஷாந்திர விடுமுறை விடுவார்கள். அவர் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்த வாரத்தை மாற்ற மனசு வரவில்லை.

அவள் பாலுக்குப் போகவில்லை. மேட்டில் இருந்த கேரவன் மைதானத்து ஆபீசுக்குப் போனாள். நகராமல் நிற்கும் அந்தத் தகர வீடுகளுக்கு அங்கே ஒரு முறை உண்டு. இந்த வருஷம் எந்த வாரம், எந்த கேரவனில் இருந்தாயோ, அடுத்த வருஷமும் அதே வாரம், அதே கேரவன் உனக்குத்தான். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நோட்டில் பெயர் எழுதிவிட வேண்டும். தவறினால் காத்திருக்கிறவர்களுக்குப் போய்விடும். எழுதுவது எப்போதும் கிளைவின் வேலை. திங்கட்கிழமையே எழுதிவிட்டு வந்து, நாட்டையே ஜெயித்தவர் போல உட்கார்ந்துகொள்வார். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை மணி நான்காகியும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இவளும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? மே மாதம் ஸ்கேன் முடிவு வந்த அன்று, கிளைவ் டாக்டரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார், எத்தனை நாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், கேட்டால் என் சாப்பாடு இறங்காது, இவளிடம் சொல்லிவிடுங்கள் என்று. சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸைப் பார்த்தாலே பெரிது என்றார் டாக்டர். அந்த வார்த்தையை மூன்று மாதமாக அடிவயிற்றில் வைத்துக்கொண்டு நோரீன் சமைத்தாள், சிரித்தாள், கார் ஓட்டினாள். இப்போது நோட்டில் பெயர் எழுதாவிட்டால், நாளைக்குச் சாவியைக் கொடுக்கும்போது கிளைவ் கேட்பார். என்ன பதில் சொல்வது? ஏன் எழுதவில்லை என்பதற்கு இருப்பதே ஒரு பதில்தான். அதனால் இரண்டு பேருக்கும் எழுதிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஆபீசில் நோட்டைப் பார்த்துக்கொள்ளும் ஐர்லிஸ் மட்டும் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியவள், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த வருஷத்துக்கு எழுத வந்தேன் என்று நோரீன் சொன்னதும், அவள் பின்னலைக் கீழே வைத்தாள். நோட்டை மட்டும் எடுக்கவில்லை.

"புதன்கிழமை நீ முடி வெட்டிக்கப் போயிருந்தே இல்ல, அப்ப கிளைவ் வந்தாரு கண்ணு," என்றாள்.

அப்படியானால் எழுதிவிட்டாரா என்று நோரீனுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எழுத வரல. வாரத்தை விட்டுக் கொடுக்க வந்தாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நீயே வந்து நிக்கிறே, என்னால பொய் சொல்ல முடியல."

அந்த மேட்டில் ஏறி வர, கிளைவ் ஒவ்வொரு கேரவன் படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தாராம். இங்கே வந்து சேர்ந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். டாக்டர் நோரீனிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரிந்துபோய்விட்டது என்றாராம்.

"எப்படித் தெரியும்? நான் வாயே திறக்கலையே," என்றாள் நோரீன்.

"அதையேதான் அவரும் சொன்னாரு. கல்யாணமான நாள்லேருந்து இவ என்னைத் திட்டாம ஒரு பொழுது போனதில்ல. டீக்கு மூணாவது ஸ்பூன் சக்கரை போட்டாலும் திட்டு, செருப்போட கார்பெட்டுல நடந்தாலும் திட்டு. மே மாசத்துலேருந்து ஒரு வார்த்தை இல்ல. கேட்டதெல்லாம் கெடைக்குது. அப்பவே கணக்கு புரிஞ்சுபோச்சு ஐர்லிஸுன்னாரு."

பாவி மனுஷன். முகத்தைக் காத்தாள், குரலைக் காத்தாள், அழுகையைக் குளியலறைக் குழாய்ச் சத்தத்துக்குள் அடக்கினாள். திட்ட மறந்துவிட்டாள். அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வாரத்தை ஏன் விட்டுக் கொடுத்தார் என்று கேட்டாள். ஐர்லிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சொன்னதை அப்படியே சொல்றேன். அவளுக்கு ஸ்கை தீவு பாக்கணும்னு ஆசை. நான்தான் முப்பத்தொரு வருஷமா இங்கயே கூட்டிட்டு வந்துட்டேன். நோட்டுல இடம் இருந்தா, நான் போன பிறகும் எனக்காக இங்கயே வந்து உக்காந்திருப்பா. இடம் இல்லன்னா அங்க போவா. அப்படின்னு சொன்னாரு கண்ணு."

ஸ்கை தீவு! கல்யாணமான புதிதில் யாரோ கொடுத்த ஸ்காட்லாந்து பிஸ்கட் டப்பாவின் மூடியில் அதன் கறுத்த மலைகள் இருந்தன. அதில்தான் இன்றைக்கும் பொத்தான்கள் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஜனவரியிலும் விடுமுறைப் பேச்சு வரும்போது ஒரு தடவை அங்கே போகலாமே என்பாள். மூன்று மணி நேரத்தில் பார்மத் போய் நனைய முடிகிறபோது எதற்குப் பதினோரு மணி நேரம் ஓட்டிப் போய் நனைய வேண்டும் என்பார் கிளைவ். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்த வருஷம் மகள் டெபி கார்ன்வால், ஏரி மாவட்டம், ஸ்கை என்று போனில் படம் படமாக அனுப்பினாள், கடைசியாக ஒரு தடவை வேறு எங்காவது போய் வாருங்கள் அம்மா என்று. பார்மத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நோரீன்தான். அவருக்குப் பிடித்த இடத்தில் அவர் இருக்கட்டும் என்றுதான்.

அந்தத் தீவுக்குத் தனியாகப் போக அவள் என்றைக்கு ஆசைப்பட்டாள்? பக்கத்து சீட்டில் இவர் இருந்து, வழி தவறிவிட்டாய், டீயில் சூடில்லை, இதற்கா இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்துக்கொண்டே வர வேண்டிய தீவு அது. முணுமுணுக்க ஆள் இல்லாமல் அந்த மலைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? என்னைக் கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

வாரம் டெல்ஃபோர்டிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்குப் போய்விட்டதாம், கைக்குழந்தைக்காரர்கள். வேண்டுமானால் பேசிப் பார்க்கிறேன் என்றாள் ஐர்லிஸ். நோரீன் வேண்டாம் என்று தலையாட்டினாள். கிளைவ் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க அவளால் ஆகாது. மூக்கைச் சிந்திக்கொண்டாள். பால் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தேன் என்றதும், ஐர்லிஸ் ஆபீஸ் பிரிட்ஜிலிருந்து ஒரு பால் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது, காருக்குப் போனதும் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். உன் பாட்டுக்கு முடிவு பண்ண நீ யார், என் விடுமுறையை விட்டுக் கொடுக்க நீ யார். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் அத்தனையையும் விட்டுவிட்டு, பால் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். கிளைவ் விழித்திருந்தார். அவள் நனைந்த கோட்டைப் பார்த்தார், மடியில் இருந்த பாலைப் பார்த்தார், சிவந்த மூக்கைப் பார்த்தார். பால்கடை எதிர்ப்பக்கம் என்பது அவருக்குத் தெரியும். அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்ததையும் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்.

"அடுத்த வருஷத்துக்கு எழுதியாச்சு," என்றாள் நோரீன்.

கிளைவ் மடியில் இருந்த சிப்ஸ் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப சரி," என்றார்.

இருவர் மூச்சிலும் காரின் முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கடல் இருந்த இடமே தெரியவில்லை. கிளைவ் கோட்டுக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு, சிரமப்பட்டு முன்னால் சாய்ந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். ஸ்டியரிங்குக்கு மேலே சாம்பல் நிறத்தில் அலைகள் தெரிந்தன. அவர் கையை மடக்கிக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். அவர் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி அப்படியே இருந்தது.