ஏட்டில் இரண்டு முயல்

வெளிநாடு போகும் பொருள்களின் பட்டியல் திங்கட்கிழமை காலை வந்தது. நாற்பத்தோராவது வரியில் என் முயல் இருந்தது.

என் முயல் என்று சொல்லக் கூடாது, அரசாங்கத்து முயல். பழைய சீனத்தின் ச்சூ நாட்டுக் கல்லறை ஒன்றிலிருந்து சேறும் நீருமாக எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பதுங்கி உட்கார்ந்த முயலின் வடிவத்தில் ஒரு மரப்பெட்டி. முதுகுதான் மூடி. கறுப்பு அரக்கின்மேல் சிவப்புக் கோடுகள். வயது இரண்டாயிரத்து முந்நூறு. யாரோ கூப்பிட்டது போலத் தலையை வலப்பக்கம் திருப்பிக் காதை நிமிர்த்தியிருக்கும். முப்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை இல்லாதவள், மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று பின்னால் பேசுவார்கள். பேசட்டும், வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்?

பட்டியலில் இப்படி இருந்தது: 'அரக்கு முயல் பெட்டி, ஜோடியில் வலது. நான்கு நகரங்கள், பதினான்கு மாதம்.'

பதினான்கு மாதம் என்றால் இரண்டு குளிர்காலம். அந்த ஊர்களில் குளிர் வந்தால் கட்டடம் முழுக்கச் சூடேற்றுவார்கள், காற்று அப்பளமாகக் காயும். முயலின் வயிற்றில் மயிரிழையில் ஒரு விரிசல் உண்டு. மாதம் ஒருமுறை அதை அளந்து பென்சிலால் வரைந்து வைக்கிறேன். எட்டு வருடம் முன்பு ஈரமூட்டும் இயந்திரம் ஒன்றரை நாள் நின்றுபோனது. அந்த ஒன்றரை நாளில் விரிசல் ஓர் அரிசி நீளம் வளர்ந்தது. பதினான்கு மாதத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

மாடிக்கு ஓடினேன். இயக்குநர் ச்சாய் என்னைவிட ஆறு வயது இளையவர், கெட்ட மனிதர் இல்லை. எங்கள் ஊர்ப் பெயர் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். தேநீரை ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"சியோங் அக்கா, மூச்சு வாங்குது பாருங்க. முதல்ல உட்காருங்க."

"சார், முயலை அனுப்பக் கூடாது. எளிதில் சேதமாகிற பொருள் வெளிநாடு போகக் கூடாதுன்னு விதி இருக்கு."

"நிபுணர் குழு வந்து பார்த்துட்டாங்க. நிலையா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"அரை நாள் பார்த்தாங்க, அதுல பாதி நேரம் சாப்பாடு! நான் முப்பது வருஷம் பார்க்கிறேன்."

அவர் சிரித்தார். "அக்கா, விதி எனக்கும் தெரியும். உலகத்துல ஒண்ணே ஒண்ணா இருக்கிறதை அனுப்பக் கூடாது. சரி. ஆனா இது ஜோடியாச்சே!" எங்கள் எழுத்தில் ஒற்றைப் பொருளையும் அநாதையையும் ஒரே எழுத்தால்தான் எழுதுவோம். அதை வைத்து விளையாடினார். "அநாதைதான் வீட்டோட இருக்கணும். இதுக்குத்தான் கூடப்பிறந்தது கீழே தண்ணியில படுத்திருக்கே. சொல்லக் கூடாது, ஒண்ணுக்கு ஏதாவது ஆனாலும் இன்னொண்ணு இருக்குல்ல? இருபத்தாறு வருஷமா அதைக் கண்ணுல வச்சுக் காப்பாத்துறவங்களே நீங்கதானே."

தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கூடப்பிறந்தது இல்லை. அது செத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கொன்றது நான்.

தண்ணீரில் ஊறிய பழைய மரத்தை உடனே உலர்த்தக் கூடாது. உலர்த்தினால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். வருடக்கணக்காகத் தண்ணீரிலேயே வைத்து, பிறகு மருந்துநீருக்கு மாற்றி, மெல்ல மெல்லத்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்களிடம் நல்ல தொட்டி கிடையாது. வலது முயல் வேலைக்கூடத்தின் உள்ளறையில் ஒரு மண்சாடியில் இருந்தது, இடது முயல் ஜன்னலோரச் சாடியில். அந்த வருடம் புத்தாண்டு விடுமுறைக்குக் காவல்முறை என்னுடையது. தினமும் சாடிகளை எட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரயில் சீட்டும் கிடைத்துவிட்டது. கூட வேலை பார்த்த தெங் அண்ணனிடம், "எனக்குப் பதிலா நீங்க பார்த்துக்கங்க" என்றேன். "போயிட்டு வா, நான் இருக்கேன்" என்றார். வாய்ச்சொல்தான், எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு இரவே அவர் மனைவிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. மூன்று வாரம் முன்கூட்டியே வந்த வலி. தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்த மனிதர் முயலை நினைப்பாரா?

அந்த வாரம் உறைபனி. எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் சூடேற்றும் வசதி கிடையாது. சாடித் தண்ணீர் உறைந்து சாடி பிளந்தது. பனி உருகி ஒழுகிப் போனது. பிறகு நான்கு நாள் நல்ல வெயில். எட்டாம் நாள் நான் கதவைத் திறந்தபோது சாடிக்குள் கிடந்தது முயல் இல்லை, வற்றல். அரக்கு தோலாக உரிந்து சுருண்டிருந்தது. ஒரு காதைக் காணவே இல்லை.

நானும் தெங் அண்ணனும் தரையில் உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்து, அதை வெள்ளைத் துணியில் சுற்றி, புதுச் சாடியில் போட்டு, எண் எழுதிய சீட்டைக் கட்டி, சேமிப்பறையில் வைத்தோம். எங்கள் சேமிப்பறைக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு கையெழுத்து. ஒரு சாவி அவரிடம், ஒன்று என்னிடம். ஒருவர் தனியாகத் திறக்கவே முடியாது, திருட்டுப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வருடாந்தரச் சோதனைக்கு வருகிறவர்கள் சீட்டைப் படிப்பார்கள், தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பார்கள், டிக் போடுவார்கள். துணியை அவிழ்க்க மாட்டார்கள். வெளிச்சமும் காற்றும் பொருளுக்கு ஆகாது என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியதே நான்தான். இதை எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று யாராவது கேட்டால், "ரொம்ப மென்மையான மரம், அவசரப்படக் கூடாது" என்பேன். பொறுமைக்காக எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். அதை வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

மதியம் உணவுக்கூடத்தில் தெங் அண்ணன் விலா எலும்பும் தாமரைக்கிழங்கும் போட்ட சூப்பை ருசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மூஞ்சி இது? யாரு செத்தா?" என்றார்.

"முயல் வெளிநாடு போகுது அண்ணே."

"எந்த முயல்?" என்று கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஜோடி இருக்குன்னுதான் அனுப்புறாங்க. ஒத்தைன்னு தெரிஞ்சா அனுப்ப முடியாது. சொல்லிடலாம் அண்ணே."

"மெதுவாப் பேசு, அறிவுகெட்டவளே!" சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கு இன்னும் மூணு மாசம் சர்வீஸ். அக்டோபர்ல பொண்ணு கல்யாணம். இருபத்தாறு வருஷம் பொய் சொன்ன வாய்க்கு இன்னும் மூணு மாசம் சொன்னா வலிக்குமா?"

"பெட்டி ஒன்பது நாள்ல கிளம்புது. உங்க மூணு மாசத்துக்கு அது காத்திருக்குமா?"

"அது மரம், க்வீஷியாங். என் பொண்ணு மனுஷி." குடும்பப்பெயரை விட்டு என் பெயரைச் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு நீ அம்மாவைப் பார்க்கப் போனே. நான் கேள்வி கேட்டேனா?"

அவர் பெண்ணின் வயதும் முயல் செத்து ஆன வருடமும் ஒன்று. தன் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் வழக்கப்படி எனக்கு முட்டை அனுப்புவாள்.

சரி, அவரை இழுக்காமல் பார்ப்போம் என்று மற்ற வழிகளில் முட்டினேன். மூன்று மனு எழுதினேன். விரிசலின் படங்களைத் தேதிவாரியாக ஒட்டிக் கொடுத்தேன். மூன்றும் 'நிலையானது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. பொதி கட்டுகிறவர்கள் வந்து முயலை அளந்து, வெள்ளைப் பஞ்சுக்கட்டியில் அதன் உருவத்தை வெட்டிக் குழித்துவிட்டுப் போனார்கள். காது வைக்கத் தனிக் குழி. திறமைசாலிகள்தான், பார்க்க வயிறு எரிந்தது.

ஆறாம் நாள் பிற்பகல் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காட்சியறைக்குப் பின்னால் முயலை மேசையில் கவிழ்த்து வைத்து, மூங்கில் கத்தியை எடுத்து, விரிசலின் நுனியில் வைத்தேன். சேதமான பொருள் பயணம் போகாது. ஓர் அரிசி நீளம் நானே கிழித்துவிட்டால் முயல் வீட்டிலேயே இருக்கும். காப்பாற்றத்தானே கிழிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓர் அரிசிதான், ஓர் அரிசிதான். கத்தி முனை மரத்தைத் தொட்டபோது கை நின்றுவிட்டது. ஒன்றைக் கொன்றது போதாதா, பாவி என்று வாய்விட்டே கத்தினேன். கத்தியைப் போட்டுவிட்டு, மேசைக்கு அடியில் உட்கார்ந்து முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். 'தவறு என்னுடையது மட்டுமே' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டு இயக்குநரிடம் கொடுத்தேன்.

படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தாரே பார்க்கலாம்.

"அக்கா, முயலை நிறுத்துறதுக்கு இப்படியெல்லாமா கதை கட்டுவீங்க? நீங்க மட்டுமேவா? ரெண்டு பூட்டு இருக்கிற அறையில நீங்க ஒரு ஆளு என்ன செஞ்சிருக்க முடியும்?"

"கதை இல்ல சார். கீழே வந்து துணியை அவிழ்த்துப் பாருங்க."

சிரிப்பு நின்றது. தொலைபேசியில் தெங் அண்ணனைச் சாவியோடு வரச் சொன்னார்.

சேமிப்பறை வாசலில் அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் பூட்டை அவர் திறந்தார், என் பூட்டை நான் திறந்தேன். கையுறை போட்டுச் சாடிக்குள் கைவிட்டு மூட்டையைத் தூக்கினேன். வாத்து முட்டை அளவுதான் கனம். துணியை அவிழ்த்தேன். கறுப்பாக, கையளவில், எந்தப் பிராணி என்று சொல்ல முடியாத ஒன்று தட்டில் கிடந்தது. நீர் சொட்டியது.

இயக்குநர் தட்டின்மேல் குனிந்தார். அவர் வந்து பதினொரு வருடம் ஆகிறது. பதினொரு சோதனை அறிக்கையிலும் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அது அவருக்கு நினைவு வந்ததை நான் அவர் முகத்திலேயே பார்த்தேன்.

"சுத்துங்க," என்றார்.

"சார்?"

"திரும்பச் சுத்தி உள்ளே போடுங்க. நான் எதையும் பார்க்கலை. ஏட்டுல ரெண்டு இருக்கு அக்கா. ரெண்டுன்னா ரெண்டுதான்." கதவைச் சாத்தினார். "இது வெளியே போனா எனக்கு முன்னாடி இருந்த மூணு இயக்குநருங்க, நான், நீங்க, தெங், எல்லாரும் போயிடுவோம். அரசாங்கம் தர்றதாச் சொன்ன புதுக் கட்டடமும் போயிடும். ஒரு விரிசலுக்காகவா?"

தெங் அண்ணன் துணியை என் கையிலிருந்து வாங்கிச் சுற்ற ஆரம்பித்தார். துணி சரியாகச் சுற்றப்படாமல் அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது.

எனக்கு அப்போது வந்தது கோபமா அழுகையா, தெரியவில்லை. முயல் போகும். அங்கே வெடிக்கும். திரும்பி வரும்போது, 'பரவாயில்லை, ஜோடி இருக்கிறது' என்று எழுதுவார்கள். அப்புறம் ஏட்டில் இரண்டு, உலகத்தில் ஒன்றுகூட இல்லை. சுவரில் மாகாணத் தொல்பொருள் அலுவலகத்தின் எண் ஒட்டியிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியில் அழுத்தினேன்.

"அக்கா, வையுங்க!" இயக்குநர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குள் மறுமுனையில் ஒரு பெண்குரல் வணக்கம் சொல்லிவிட்டது. அவர் பிடி தளர்ந்தது.

என் பெயர், அருங்காட்சியகத்தின் பெயர், பொருளின் எண் எல்லாம் சொன்னேன்.

"அரக்கு முயல் பெட்டி," அந்தப் பெண் தன் திரையில் படித்தாள். "ஜோடின்னு இருக்கு."

"இல்லம்மா. ஒத்தை."

"எப்ப இருந்து?"

"இருபத்தாறு வருஷமா."

அவள் குரல் மாறியது. பொதி எதுவும் நகரக் கூடாது, ஆள் வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்றாள். சேமிப்பறைச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

"ஒண்ணு என்கிட்ட," என்றேன். "இன்னொண்ணு..." என்று நிறுத்தினேன். அம்மாவைப் பார்க்கப் போன அந்த ரயிலும், முட்டை அனுப்பும் அந்தப் பெண்ணும், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை.

தெங் அண்ணன் சுற்றுவதை நிறுத்தியிருந்தார். ஈரத் துணியோடு அந்தக் கறுப்புப் பொருளை இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது.

"என்ன முழிக்கிறே? என் பேரைச் சொல்லு," என்றார். "தெங் ஷுவேமின். தப்பில்லாமச் சொல்லு."

சொன்னேன்.