உறுதியாகும் வரை

மூடிக் கிடந்த பேட்டரி ஆலைக்குப் பின்னால் இருந்த தெருவில், பல்கலைக்கழக ஆய்வுக்காக அவள் பதினாறு கிணறுகளில் தண்ணீர் எடுத்தாள். அவற்றில் ஒன்று அவளுடைய அக்கா வீட்டுக் கிணறு. முதல் சோதனையில் அதில்தான் ஈயம் மிக அதிகமாகத் தெரிந்தது.

"இன்னொரு ஆய்வகம் உறுதி பண்ற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. தப்பாப் போச்சுன்னா நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க" என்றார் பேராசிரியர். அவளும் வாயைத் திறக்கவில்லை. நான்கு மாதம் ஓடியது.

முடிவு உறுதியான அன்று மதியமே அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னைக்குத்தான் உறுதியாச்சுக்கா."

"அதைக் கேக்கல. நாலு மாசமா பாட்டில்ல தண்ணி கொண்டு வந்தியே, எங்க வீட்டுத் தண்ணிய ஒரு வாய் குடிச்சியாடி? உனக்கு உடம்புக்கு ஒத்துக்கலையோன்னு நான் கவலைப்பட்டேன்."

மூன்று வயதாகியும் இன்னும் வார்த்தை கூடிவராத குழந்தை, சித்தியின் விரலைப் பிடித்தது. அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த ஆய்வால்தான் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அக்கம்பக்கத்தார் அவளை வாயார வாழ்த்தினார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ஈயம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அக்கா அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் நாற்காலியை எடுத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள்.