ஆறு மணிக்கு யார் சோறு ஆக்குவது?

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது படிக்கவேண்டும் என்று செல்போன் வீடியோவில் கோட்டு போட்ட ஒருத்தன் சொன்னான். அவனுக்கென்ன, யாரோ ஆக்கிக் கொட்டுகிறார்கள், தின்றுவிட்டுப் பேசுகிறான். திருக்கோவிலூரில் ஆடிட்டர் ஆபீஸில் நாளெல்லாம் டைப் அடித்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி மணலூர்பேட்டை வந்து சேரும் அம்சவள்ளி ஆறு மணி நேரத்துக்கு எங்கே போவாள்? விடியலில் ஒன்று, சாயங்காலம் இரண்டு. அவ்வளவுதான் தேறும். அதையாவது எவரும் தொடக்கூடாது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"இன்னாடி இது, ரேஷன் கடை போர்டாட்டம்?" என்றார் அப்பா பொன்னுரங்கம்.

"நான் படிக்கிற நேரம்பா. அப்போ யாரும் என்னைக் கூப்புடக் கூடாது."

தம்பி ராஜாங்கம் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தான்.

"சிரிடா, நல்லா சிரி. பரீட்சை எழுதிட்டுத்தான் எனக்கு மறுவேலை."

அம்மா கொளஞ்சியம்மாள் அப்போதுதான் கரும்பு வெட்டிவிட்டு வந்திருந்தாள். கையெல்லாம் காய்ந்த சோகை இலை கிழித்த கீறல். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இன்னா எழுதிக்கீற? படி, கேக்கறேன்."

அம்சவள்ளி மிடுக்காகப் படித்தாள். "காலைல அஞ்சுலேர்ந்து ஆறு, கணக்கு. தண்ணி புடிக்கறது அம்மா. சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு, இங்கிலீஷு. சோறு ஆக்கறது அம்மா. பாத்திரம்..."

சட்டென்று நிறுத்தினாள். அடுத்ததும் அம்மாதான். அதற்கடுத்ததும். ச்சீ என்றிருந்தது. தன் தலையில் இருந்ததையெல்லாம் அழகாகக் கோடு போட்டு அம்மா தலையில் இறக்கியிருக்கிறாளே!

"ஏன் நிறுத்திட்ட?" அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. "நான் எப்போ குந்தறது? அத எந்த எடத்துல எழுதிக்கீற?"

அம்சவள்ளி தாளைக் கிழித்தாள். அப்பாவுக்கு அப்பாடா என்றிருந்தது. "அதான் சரி. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

அவள் இன்னொரு தாளை எடுத்து எழுதி, சுவரில் அறைந்து ஒட்டி, தெருவுக்கே கேட்கும்படி படித்தாள். "சோறு ஆக்கறது அப்பா. தண்ணியும் பாத்திரமும் ராஜாங்கம்."

"ஏய்! ஆம்பளைய அடுப்பாண்ட நிக்க வைப்பியா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். சிரிக்கறவங்க வூட்டுலயே போய் சாப்புடு."

"மூட்டை தூக்கிட்டு வர்றேன்டி நானு!"

"அம்மா மட்டும் ஊஞ்சல் ஆடிட்டா வருது?"

அம்சவள்ளி அப்பாவை இப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. இருந்தாலும் விறுவிறுவென்று போய்ப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தாள்.

அப்பா வேறு வழியில்லாமல் அம்மா பக்கம் திரும்பினார். "இன்னா கொளஞ்சி, பாத்துக்கினு கீற? எழுந்து உலைய வை."

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டில் அம்மா உட்கார்ந்து ஒருத்தரும் பார்த்ததில்லை. இன்று சுவரோரம் சாய்ந்து இரண்டு காலையும் நீட்டினாள்.

"எனக்குந்தான் பசிக்குது. அரிசி அந்த டின்னுல கீது, எடுத்துக்கோங்க."