நோன்பை முறிக்காத மருந்து

றலியா உம்மாவின் வலது கண்ணில் பிரஷர் கூடிவிட்டதென்று கண் டொக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை, காலையும் மாலையும் தவறாமல் ஊற்றி வந்தவள் மகள் ஹமீமாதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு நோன்பு மாதம் பிறந்தபோது, பகலில் ஊற்றலாமா என்று மனுசிக்கு ஒரே யோசனை. கண்ணுக்கு ஊற்றுவது வயிற்றுக்குப் போகாது, நோன்பு முறியாது என்று மாளிகாவத்தைப் பள்ளிவாசல் லெப்பை சொல்லிவிட்டார். மார்க்கத்தில் அவர் ஒரு பிழையும் விடவில்லை, பாவம்.

அந்த மாத நடுவில் பித்தப்பைக் கல் மோசமாகி, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன நேர்சிங் ஹோமில் உம்மாவைச் சேர்த்தார்கள். ஒப்பரேஷனுக்கு முன் வாயில் ஒன்றும் படக்கூடாது என்று நேர்ஸ் சொல்ல, நோன்புகாரிக்கு இதைச் சொல்ல வேணுமா என்று உம்மா சிரித்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் நாகேந்திரம் வந்து, வேறு மருந்து ஏதும் பாவிக்கிறாவோ என்று கேட்டார். ஹமீமா வாயைத் திறந்தாள். உம்மா அவள் கையை அமத்தி, காதோடு காதாகச் சொன்னாள்.

"கண்ணுக்கு ஊத்துறது மருந்தா? நோன்பே முறியாதாம். பேசாம இரி மகள்."

இல்லை என்று டொக்டருக்குத் தலையாட்டியதும் உம்மாதான்.

பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கல்லை எடுத்து, தைத்து, எல்லாம் பன்னிரண்டுக்குள் முடிந்தது. மூச்சு மட்டும் திரும்பவில்லை. பாதி திறந்த கதவுக்குப் பின்னால், நேர்ஸ் றப்பர் பையை அமத்தி அமத்தி உம்மாவுக்குக் காற்று ஊட்டும் சத்தம் கேட்டது.

நாகேந்திரம் வாசலுக்கு வந்தார். தொண்டைக்குள் குழாய் விடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி போட்டதாம். சில நிமிடத்தில் கரைய வேண்டியது இன்னும் கரையவில்லையாம். மருந்து ஏதும் எடுத்தவவோ, வடிவாக யோசித்துச் சொல்லுங்கோ என்றார்.

ஹமீமாவின் வாப்பா ஸஹாப்தீன் பக்கத்திலேயே நின்றார். ஹமீமா அவர் முகத்தைப் பார்த்தாள். காலையில் மறைத்ததை இப்போது சொன்னால், பெற்ற தாயைக் கொல்லப் பார்த்தவள் என்றல்லவா பெயர் வரும்? சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன பயம் விட்டால்தானே.

"ஒண்டும் எடுக்கல்ல டொக்டர்."

அந்த மனிதர் நம்பினார். நம்பி, தளர்ந்த தசையை மீட்கும் வேறொரு ஊசி போட்டார். அதுவும் கண் சொட்டும் ஒரே குடும்பத்து மருந்து என்பதை அவருக்கு யார் சொன்னது? உம்மாவின் நாடி விழத் தொடங்கியது. நாற்பது, முப்பத்தெட்டு என்று நேர்ஸ் எண்ணுவதைக் கேட்டபிறகுதான் ஹமீமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, சொட்டு மருந்தின் பெயரையும் எத்தனை மாதமாக என்பதையும் கொட்டினாள்.

நாகேந்திரம் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாடியை ஏற்ற ஒரு ஊசி போட்டுவிட்டு விளக்கினார். கண்ணில் விட்டது இரத்தத்தில் இறங்குமாம். தளர்த்தும் ஊசியைக் கரைக்கும் பொருள் இரத்தத்தில்தான் இருக்கிறதாம். சொட்டு அதை மாதக்கணக்காக முடக்கி வைத்திருக்க, மிச்சமிருந்ததைத் தன்னுடைய ஊசி முடக்கிவிட்டது என்றார். இனி அது தானாகக் கரையும்வரை பையை அமத்துவது ஒன்றுதான் வழி.

ஐந்து மணிக்கு விரல் அசைந்தது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு மூச்சு வந்தது. வாப்பா அழுதார்.

மறுநாள் வாப்பா வீட்டுக்குப் போனபின், உம்மா மகளைக் கிட்டக் கூப்பிட்டாள். குழாய் விட்ட தொண்டை கட்டிக் கிடந்தது.

"வெட்டி முடிஞ்சொடனே எனக்கு முழிப்பு வந்திட்டு மகள். கண்ணத் தொறக்க ஏலல்ல, மூச்செடுக்க ஏலல்ல. காது மட்டும் நல்லாக் கேட்டிச்சி."

ஹமீமா தரையைப் பார்த்தாள்.

"காலையில சொல்ல வாணாமெண்டது நான். அது என்ட பிழை. பகல், டொக்டர் திரும்பக் கேக்கக்குள்ள, சொல்ல வாணாமெண்டு ஒனக்கு யார் சொல்லினது?"