கையில் எவ்வளவு வரும்

அந்தப் பெண்ணைச் சத்தமாகப் பேசச் சொன்னதே சின்னவன்தான்.

வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டு, கைப்பேசியைக் காதோடு அழுத்தி, "கேக்கல மேடம், இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்று கத்தினான். வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியின் எச்.ஆர். பெண் அவள்; அவளும் பாவம், கத்தினாள். அந்தக் கத்தல் அவன் காதுக்கு வரவில்லை. நேராக முன்னறைக்குப் போய், அப்பா படுத்திருந்த குளிர்பெட்டியின் தலைமாட்டில் இருந்த ஸ்பீக்கரில் விழுந்துகொண்டிருந்தது.

ஸ்பீக்கரைத் தன் கைப்பேசியோடு ப்ளூடூத்தில் இணைத்துப் புல்லாங்குழல் இசை ஓட விட்டவனும் அவன்தான். விமானம் பிடித்து ஓடிவந்தவனுக்கு வீட்டில் ஒரு வேலையும் அகப்படவில்லை. நாற்காலி இறக்கப் போனால் ஏற்கெனவே ஆள் நின்றது. டீ ஊற்றப் போனால் அக்கா பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அழலாம் என்று உட்கார்ந்தால் அழுகையும் வரவில்லை. சரி, இசையாவது நம் பங்காக இருக்கட்டும் என்று நினைத்தான். அந்தப் பங்குதான் இப்போது பேசியது.

விஷயம் புரிந்து அவன் உள்ளே ஓடி வந்தபோது அவள் முடிவுரைக்கு வந்திருந்தாள்.

"அதாவது சார், அப்பாவை இன்சூரன்ஸ்ல சேர்த்தா மாசாமாசம் பிடித்தம் இருக்கும். அவர் இல்லேன்னா கையில கொஞ்சம் கூடவே வரும். நீங்கதான் ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னீங்க. வெச்சிடட்டுமா சார்?"

வைத்துவிட்டாள். புல்லாங்குழல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அறையில் இருந்த எல்லோரும் முதலில் அப்பாவைப் பார்த்தார்கள், அவர் ஏதாவது பதில் சொல்வார் என்பதுபோல. பிறகு சின்னவனைப் பார்த்தார்கள். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சும்மாவா போனான் என் அண்ணன்? புள்ளைக்கு இன்கிரிமென்ட் வாங்கிக் குடுத்துட்டுல்ல போயிருக்கான்."

அந்த இரண்டு விதக் கணக்கை அவன் கேட்டபோது அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தயிர் சாதம் வேண்டாம் என்று நர்சோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லலாம் என்று சின்னவன் வாயைத் திறந்தான். எப்போது கேட்டால் என்ன, கேட்டது கேட்டதுதானே என்று அவனுக்கே தோன்றியதால் மூடிக்கொண்டான்.

பத்து வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கிறான். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பதுதான் வேலை. தானும் மாட்டிக்கொண்டுதான் இருந்தான். இங்கே வேலை கிடைக்கும்போதெல்லாம் கணக்குப் போடுவான். கம்பெனி சொல்லும் ஆண்டுச் சம்பளம் கல்யாண ஆல்பத்துப் படம்போல ஜொலிக்கும். அதிலேயே கம்பெனி கட்டும் வருங்கால வைப்பு நிதி, என்றோ வரப்போகும் கிராஜுவிட்டி, கொடுத்தால் உண்டு என்கிற போனஸ் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக இறக்கி, வரியையும் கழித்தால், மிஞ்சுவது அடையாள அட்டைப் படம்போல முழித்துக்கொண்டு நிற்கும். அங்கேயோ, இன்னும் ஒரு வருடம் இருந்தால் கிராஜுவிட்டி முழுசாக வரும். அந்த ஒரு வருடம் முடிந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு வருடம் நிற்கும்.

இந்தக் கம்பெனி மட்டும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு தருவதாகச் சொன்னது. அதனால்தான் இந்த முறை நிச்சயம் என்று முடிவெடுத்தான். அப்பாவுக்குக் காது போய்விட்டதால் போனில் பேசிப் பயனில்லை. போன வாரம் அக்காவிடம் சொன்னான்: நான் வந்துடறேன், அப்பாகிட்ட சொல்லிடு. அக்கா "ம்" என்றாள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்பதுதான் இப்போது அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் வருகிறான் என்று தெரிந்து அப்பா போனாரா, தெரியாமல் போனாரா? 

அக்கா கூட்டத்தைத் தாண்டி வந்தாள். ஸ்பீக்கரை அணைத்து, கரண்ட் ஒயரைப் பிடுங்கி, நிதானமாகச் சுருட்டி அவன் கையில் வைத்தாள்.

"இதை நீயே வெச்சுக்கோ."

அவன் வந்ததிலிருந்து அவள் அவனிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. பின்னாலேயே சமையலறைக்குப் போனான்.

"அக்கா, நான் வரேன்னு அப்பாகிட்ட சொன்னியா?"

"நகரு. பால் பொங்குது."

பால் பொங்கவில்லை. அடுப்பே இன்னும் பற்றவைக்கப்படவில்லை. அவன் நகர்ந்தான்.

வாசலில் மாமா, அக்காவின் கணவர், வண்டிக்காரரிடம் வாடகை பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டதற்கு, அதெல்லாம் உங்க அக்கா டிபார்ட்மென்ட் என்றார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "கிராஜுவிட்டி முழுசா வந்துடுச்சா மச்சான்?" என்றார். வண்டிக்காரர்கூடச் சிரித்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சிரித்தார்.

மதியம் அப்பாவை எடுத்தார்கள். சின்னவன் தோள் கொடுத்தான். பின்னால் பிடித்தவர் உயரமாக இருந்ததால் பாரம் முழுக்க அவன் பக்கம் சரிந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அப்பா எடை குறைந்துதான் போயிருந்தார். அதையும் யாரிடம் சொல்வது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வீட்டில் பாதிப் பேர் இல்லை. சித்தப்பா செருப்பைத் தேடிக்கொண்டே, "உனக்கு என்னைக்கு டிக்கெட்?" என்றார். இருக்கப்போகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பிப் போவதுதான் அவன் தொழில் என்பதுபோல எல்லோரும் அதைப் பற்றியே விசாரித்தார்கள்.

காலையில் கொண்டுவந்த பெட்டி இன்னும் மாடிப்படி அடியில் நின்றது. எங்கே வைக்க என்று மாமாவிடம் கேட்டான். மேல போய் இடம் இருந்தா வெச்சுக்கோ என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். டிவி ஓடவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் கவனித்தான். படிகளின் விளிம்பெல்லாம் பெயர்ந்திருந்தது. கனமான இரும்பு ஒன்றை இழுத்துப் போனதுபோல ஒவ்வொரு படியிலும் கோடு கோடாகக் கீறல். பழைய கீறலின் மேலேயே புதிய கீறல்.

ஒரு காலத்தில் அவனுடைய அறை அது. கட்டில் இல்லை. ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின், இரும்புக் கால்களோடு. துணி வெட்டும் பலகை, சுவர் நெடுகக் கொடியில் அரைகுறையாகத் தைத்த பள்ளிச் சீருடைகள். தரையில் சாக்குக்கட்டித் தூள். இடம் என்று பார்த்தால் பலகைக்கு அடியில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம்.

அக்கா தலையணையும் போர்வையும் கொண்டுவந்து பலகை மேல் போட்டாள். திரும்பிப் போகப் பார்த்தாள்.

"அக்கா. அப்பாகிட்ட சொன்னியா, இல்லியா?"

அவள் நின்றாள். கொடியில் நழுவியிருந்த ஒரு சட்டையைச் சரிசெய்தாள். நகர்வதற்கு இந்த முறை எந்த அடுப்பும் இல்லை.

"சொல்லல."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"முன்னாடியெல்லாம் நீ வரேன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொன்ன அன்னிக்கே இந்த மெஷினைக் கீழ இறக்கச் சொல்வார். 'பையன் வந்தா எங்கடி படுப்பான்'னு. படிக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்து பார்த்துட்டு இருப்பார். நானும் உங்க மாமாவும் இறக்குவோம். அப்புறம் உனக்குக் கணக்கு இடிக்கும். திரும்ப மேல ஏத்துவோம். ஏத்தறப்ப மட்டும் அப்பா பார்க்க மாட்டார். உள்ள போய்க் கதவைச் சாத்திட்டுப் படுத்துக்குவார்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஆர்டர் துணிக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்தத் தடவை நீ நிஜமாவே வந்திருப்பேன்னு எனக்குத் தெரியாது. இடுப்பு வலிச்சுது. சொல்லல."

கீழே போனாள். படியில் அவள் காலடி ஒவ்வொன்றாக இறங்குவது கேட்டது.

சின்னவன் பெட்டியைத் தூக்கினான். மெஷின் மேல் இடிக்காதபடி, சுவரை ஒட்டி, நேராக நிறுத்தி வைத்தான்.